15-ம் நம்பர் முதலில், செட் அப்புறம்

வீட்டில் இரண்டு சைக்கிள். ஒன்று அப்பா ஓட்டிய கருப்பு ஹெர்குலிஸ். இன்னொன்று மகள் டியூஷனுக்குப் போகும் ஏழு கியர் வண்டி. ஹெர்குலிஸில் பின்சக்கரம் பக்கவாட்டில் ஆடுகிறது, சீட் தலை குனிகிறது. கியர் வண்டியில் இடது பெடல் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்கிறது. முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் மணல் அரைபடுகிற சத்தம். கடையில் விட்டால் ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலைகள்தான். ஆனால் எங்கள் தெருமுனை சைக்கிள் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். அடுத்த கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்து, மறுபடியும் போய் எடுக்க வேண்டும். அதற்கு நாமே பார்த்துவிடலாம் என்று ஸ்பேனர் வாங்கக் கிளம்பினேன்.

வாங்குவதற்கு முன்னால் இரண்டு வண்டியையும் அளந்தேன். வெர்னியர் காலிப்பர் பிளாஸ்டிக்கில் இருந்தாலே போதும். நட்டின் எதிரெதிர் தட்டைப் பக்கங்களுக்கு நடுவே அளக்க வேண்டும். மூலைக்கு மூலை அளந்தால் எண் தப்பாக வரும். ஸ்பேனரில் பொறித்திருக்கும் நம்பர் இந்த இடைவெளியைத்தான் சொல்கிறது, போல்ட்டின் கனத்தை இல்லை. பொதுவாக 5 மி.மீ. போல்ட்டுக்கு 8-ம் நம்பர், 6 மி.மீ. போல்ட்டுக்கு 10, 8 மி.மீ. போல்ட்டுக்கு 13.

கியர் வண்டியில் சக்கர நட்டுகள் 15. பெடல் அச்சில் ஸ்பேனர் பிடிக்கும் இடமும் 15. சீட்டுக்கு அடியில் 13, மட்கார்டு கம்பிக்கு 8, பிரேக் நட்டுக்கு 10, பெடலைத் தாங்கும் கையான கிராங்கின் நடுவில் பிளாஸ்டிக் மூடியைத் தட்டி எடுத்தால் உள்ளே 14. மீதி பெரும்பாலும் ஆலன் கீ, அதாவது போல்ட் தலையின் அறுகோண ஓட்டைக்குள் நுழையும் L வடிவச் சாவி. ஆக, வண்டி முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் எண் 15. காரோ பைக்கோ பார்க்கிறவர்களின் டப்பாவில் 10, 12, 14, 17 எல்லாம் தேய்ந்து பளபளக்கும், 15 புதுசாகவே கிடக்கும். சைக்கிளில் அப்படியே தலைகீழ்.

இதை எழுதிய துண்டுச்சீட்டோடு கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பெரிய பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். நாற்பதுக்கு மேல் சாமான், பாதி சாக்கெட்.

"சைக்கிளுக்குங்களா? இந்த செட்டே எடுத்துக்கங்க. எல்லாம் வந்துருமுங்க."

"எல்லாம் வேண்டாங்ண்ணா. 15 மட்டும் தனியா கிடைக்குங்களா?"

"தனியா வராதுங்க. 14-15 சேர்ந்துதான் வரும். ரிங்கா, டபுள் எண்டா?"

ரிங் என்றால் வளையத் தலை, டபுள் எண்ட் என்றால் இரு முனையும் வாய் திறந்தது. கேள்வி அங்கேதான் ஆரம்பிக்கிறது. நம்மூரில் ஸ்பேனர் ஜோடி ஜோடியாகத்தான் வரும்: 6-7, 8-9, 10-11, 12-13, 14-15, 16-17, 18-19, 20-22. சைக்கிள்காரனுக்கு இது ஒருவகையில் நல்லது. 8-9, 10-11, 12-13, 14-15 என்று நாலே நாலு எடுத்தால் கியர் வண்டியில் நான் அளந்த வெளி நட்டுகள் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் நம்பர் தெரிந்தால் மட்டும் போதாது. அதே 15-லேயே வாய் திறந்தது ஒன்று, வளையம் ஒன்று, தகடு மாதிரி மெல்லியது ஒன்று, பெடலுக்கென்று நீளமானது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி வேலை. ஒன்றை வைத்து இன்னொன்றின் வேலையைச் செய்யப் போனால் நட்டுதான் பலி.

வாய் திறந்த ஸ்பேனர் நட்டை இரண்டு தட்டையில் மட்டும்தான் பிடிக்கும். பலமாக அழுத்தும்போது வாய் ஒரு மயிரிழை விரிகிறது, பிடி தட்டையிலிருந்து மூலைக்கு நகர்கிறது, மூலை மழுங்குகிறது. ரிங் ஸ்பேனர் ஆறு மூலைப் பக்கமும் சுற்றிப் பிடிப்பதால் விரிய வழியில்லை. ஆகவே இறுகிய நட்டை முதலில் அசைக்கவும், கடைசியாக இறுக்கவும் ரிங். நடுவில் சும்மா சுழற்றிக் கழற்ற வாய் திறந்தது. இரண்டும் ஒரே கம்பியின் இரு முனையில், ஒரே நம்பரில் வரும் காம்பினேஷன் ஸ்பேனரும் உண்டு. 15-க்கு மட்டும் நான் அதைத்தான் எடுத்தேன். அது தனியாகவே கிடைத்தது. கடைக்காரர் உள்ளே போய்த் தேடி எடுத்துவர வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வாய் திறந்த ஸ்பேனரின் தலை கைப்பிடிக்கு நேராக இல்லாமல் 15 டிகிரி சாய்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வார்ப்புக் கோளாறு இல்லை அது. கேரியர் கம்பிக்கும் மட்கார்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட நட்டைத் திருப்ப இடமே இருக்காது. ஒரு தடவை திருப்பி, ஸ்பேனரைக் குப்புறப் போட்டு மறுபடி மாட்டினால் அடுத்த பிடி கிடைத்துவிடும். 30 டிகிரி அசைய இடமிருந்தாலே நட்டை முழுக்கக் கழற்றிவிடலாம். ஹெர்குலிஸின் கேரியரைக் கழற்றும்போது இதுதான் கை கொடுத்தது.

அந்த ஹெர்குலிஸ் விவகாரத்துக்கு வருகிறேன். முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் அம்பத்தூர் வண்டி. பிறப்பிலேயே இங்கிலீஷ்கார ரத்தம், அதனால் அங்குலக் கணக்கு இன்னும் உடம்பில் ஓடுகிறது. சீட் கிளாம்ப் நட்டில் 14 நுழையவே இல்லை, 15 போட்டால் லொடலொடவென்று ஆடுகிறது. வெர்னியர் 14.3 காட்டியது, அதாவது 9/16 அங்குலம். 0.7 மி.மீ. இடைவெளி சின்னதாகத் தெரியும். ஆனால் அந்த ஆட்டத்தோடு அழுத்தினால் ஸ்பேனர் தட்டையைத் தொடாமல் மூலையை மட்டும்தான் உரசும்.

எல்லா அங்குல நட்டும் இப்படி வம்பு செய்யாது. 7/16 அங்குலம் என்பது 11.1 மி.மீ.; நல்ல 11-ம் நம்பர் தட்டித்தான் ஏறும், ஆனால் ஏறிவிடும். 5/8 என்பது 15.9, அதற்கு 16 கச்சிதம். 1/2 அங்குலம் 12.7, துருப்பிடிக்காமல் இருந்தால் 13 போட்டு ஒப்பேற்றலாம். 9/16-க்குத்தான் மி.மீ.யில் சொந்தக்காரர் யாரும் இல்லை. உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் குடைந்து, 1/2 - 9/16 என்று பொறித்த பழைய டபுள் எண்ட் ஒன்றைப் பிடித்தேன். புதுசை விட எனக்குப் பிடித்த ஸ்பேனர் இப்போது அதுதான். பழையது வாங்கும்போது வாயின் உள்பக்கம் இரண்டும் இணையாக இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். V மாதிரி விரிந்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பின்சக்கர நட்டுதான் பெரிய பாடு படுத்தியது. எப்போதோ ஒரு கடையில் யாரோ கட்டிங் பிளேயரையும், வாயைத் திருகி அகலம் மாற்றும் ஸ்க்ரூ ஸ்பேனரையும் வைத்து மல்லுக்கட்டியிருக்கிறார்கள். வலது பக்க நட்டின் ஆறு மூலையில் நாலு உருண்டு, வெள்ளிக்காசு மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. ரிங் போட்டால் வழுக்கிச் சுற்றியது. நம்மூரில் கிடைக்கும் ரிங் ஸ்பேனர்களில் பெரும்பாலானவை உள்ளே 12 முனை கொண்டவை. எந்தக் கோணத்திலும் சட்டென்று மாட்டலாம் என்பது அதன் வசதி. மூலைக்கு ரொம்ப அருகில் பிடிப்பது அதன் குறை. ஆறே முனை உள்ள சாக்கெட் மூலையை விட்டுத் தள்ளி, தட்டையில் அழுத்தும். கொஞ்சம் மழுங்கிய நட்டு என்றால் அது காப்பாற்றும். இது அந்தக் கட்டத்தையும் தாண்டியிருந்தது.

ராத்திரி துரு இளக்கும் எண்ணெயை அச்சு மரையில் விட்டு அப்படியே வைத்தேன். மறுநாள் அரத்தை எடுத்து நட்டின் இரண்டு எதிர்ப்பக்கங்களை மட்டும் ராவினேன். அவசரப்பட்டால் ஒரு பக்கம் சரிந்துவிடும். பத்து இழுப்பு இந்தப் பக்கம், பத்து இழுப்பு அந்தப் பக்கம், நடுநடுவே வெர்னியர். 14-க்கு வந்ததும் வாய் திறந்த 14-ஐ ரப்பர் சுத்தியலால் தட்டி ஏற்றினேன். கைப்பிடியை மெல்ல அழுத்தாமல், உள்ளங்கையால் சுருக்கென்று ஓர் அடி. கிறீச்சென்று ஒரு சத்தம், துருத்தூள் கொட்டியது, நட்டு அசைந்தது.

மாற்று நட்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். பழைய வண்டியின் பின் அச்சு 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 26 மரை. புது வண்டிகளில் 10 மி.மீ. அச்சு, 1 மி.மீ. மரை. 26 மரை என்றால் ஒரு மரைக்கு 0.977 மி.மீ.; கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் 3/8 அங்குலம் 9.5 மி.மீ.தான். புது நட்டு பழைய அச்சில் வழவழவென்று ஏறும், இறுக்கும்போது மரையை வழித்துக்கொண்டு வந்துவிடும். கழற்றிய நட்டைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், அச்சிலேயே போட்டுப் பார்த்து வாங்குவது உத்தமம். நான் சக்கரத்தையே தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார், பரவாயில்லை.

ஸ்க்ரூ ஸ்பேனரை இவ்வளவு திட்டினாலும் ஒன்று என் டப்பாவில் இருக்கிறது. ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃபோர்க் தலையில் உட்கார்ந்திருக்கும் பெரிய லாக் நட்டு கியர் வண்டியில் 36 மி.மீ. அதற்கென்று தனி ஸ்பேனர் வாங்கினால் வருஷத்துக்கு ஒரு முறை எடுப்பேனா என்பதே சந்தேகம். வாய் அகலமாகத் திறக்கும் ஸ்க்ரூ ஸ்பேனர் அந்த இடத்துக்குச் சரி. வாயை நட்டில் வைத்துத் திருகை ஆட்டமில்லாமல் இறுக்கிய பிறகே கை வைக்க வேண்டும். சுழற்றுவது எப்போதும் அசையும் தாடை இருக்கும் பக்கமாக; அப்போது பலமெல்லாம் அசையாத தாடை மேல் விழும். மறுபக்கமாக இழுத்தால் அசையும் தாடை பின்வாங்கி நட்டை உருட்டிவிடும். ஹெர்குலிஸின் நட்டை உருட்டியவர் அப்படித்தான் இழுத்திருப்பார் என்பது என் ஊகம்.

அப்புறம் பெடல். இங்கே சாதாரண 15 காம்பினேஷன் தடுமாறியது. கிராங்குக்கும் பெடல் உடம்புக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு குறுகியது. தடித்த தலை முழுசாக உள்ளே போகாமல் பாதி தட்டையை மட்டும் பிடித்தது. பெடல் ஸ்பேனர் என்று தனியாக விற்பதற்குக் காரணம் இதுதான்: தலை மெல்லியது, கைப்பிடி ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. நான் வாங்கினேன், வருத்தமில்லை. சில புதுப் பெடல்களில் அச்சின் பின்பக்கம் ஆலன் ஓட்டை இருக்கும், 6 அல்லது 8 மி.மீ.; அப்படி இருந்தால் இந்தச் செலவு வேண்டாம்.

இடது பெடலுக்கு மரை தலைகீழ். வலதுபக்கம் வழக்கமான மரை, இடதுபக்கம் எதிர்மரை. மிதிக்க மிதிக்க, பாரத்தின் திசை கிராங்கைப் பொறுத்துச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதில் அச்சு தன் ஓட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவு உருண்டு உருண்டு நகர்கிறது. அந்த உருளல் கழற்றாமல் இறுக்கும்படியாக இருபக்க மரையையும் அமைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் நினைவில் வைக்கச் சோம்பேறித்தனம் என்றால் ஒரு குறுக்கு வழி: ஸ்பேனரை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டுங்கள், பின்சக்கரம் இருக்கும் பக்கமாகத் தள்ளுங்கள். எந்தப் பக்கப் பெடலானாலும் கழலும். வலது பெடலைக் கழற்றும்போது செயினைப் பெரிய பல்சக்கரத்தில் போட்டுக்கொண்டால், ஸ்பேனர் வழுக்கினாலும் முட்டி பல்லில் போய் இடிக்காது.

அந்த 'டக்' சத்தத்துக்குக் காரணம் பெடல் இறுகாததுதான். மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுக்கு விரலாலேயே ஏற்றினேன். அலுமினியக் கிராங்கில் இரும்பு அச்சைக் கோணலாக ஏற்றிவிட்டால் கிராங்கே போச்சு. ஸ்பேனரை எடுப்பதற்கு முன் விரலால் ஏறினால் மரை சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

முன்சக்கரத்து மணல் சத்தத்துக்குக் கோன் ஸ்பேனர் வேண்டும். இதற்கு மாற்றே கிடையாது. அச்சில் உள்ளிருந்து வெளியே பால்ஸ், அவற்றை அழுத்திப் பிடிக்கும் கூம்பு வடிவக் கோன், வாஷர், லாக் நட்டு என்று வரிசையாக இருக்கும். கோனில் ஸ்பேனர் பிடிக்கும் தட்டை அகலம் மிகக் குறைவு. சாதாரண 13-ஐப் போட்டால் அது கோனோடு வாஷரையும் முட்டும். அதனால் கோன் ஸ்பேனரை 2 மி.மீ. தகட்டில் வெட்டுகிறார்கள். வழக்கமான அளவு முன்னால் 13, பின்னால் 15. லாக் நட்டு 17. லாக் நட்டுக்குச் சாதாரண 17 போதும், கோனுக்கு மட்டும் தகடு. 13-14 ஒன்று, 15-16 ஒன்று என்று இரண்டு தகடு வாங்கினேன்.

ஆன்லைனில் வர நாளாகும் என்றால் இன்னொரு வழி உண்டு. மலிவான 13 ஒன்றை லேத் பட்டறையில் கொடுத்து இரண்டு பக்கமும் கிரைண்டரில் தேய்த்துத் தரச் சொல்லலாம். ஒரே ஒரு நிபந்தனை, அடிக்கடி தண்ணீரில் முக்க வேண்டும். ஸ்பேனர் நீல நிறம் ஏறிவிட்டால் எஃகின் பதம் போய்விட்டது, முதல் இறுக்கலிலேயே வாய் மலர்ந்துவிடும். எப்படிச் செய்தாலும் கோன் ஸ்பேனரைப் பெடலுக்கோ சக்கர நட்டுக்கோ போடாதீர்கள். 15 என்று எழுதியிருக்கிறதே என்று கை தானாகப் போகும். மெல்லிய தகடு, அந்தப் பலத்துக்கு விரிந்துவிடும்.

சக்கரத்தைக் கழற்றி ஒரு பக்க கோனை மட்டும் 13-ல் பிடித்து, 17-ஆல் லாக் நட்டை விடுவித்தேன். மறுபக்கத்தைத் தொடவில்லை, அது அப்படியே இருந்தால்தான் அச்சு திரும்பவும் நடுவில் உட்காரும். கீழே பழைய வேட்டித் துணி விரித்து அச்சை இழுத்தால், கிரீஸ் இருந்த இடத்தில் கருப்பு மை, அதில் பின்னிக்கொண்டு நீளமான ஒரு தலைமுடி. முன்சக்கரத்தில் பக்கத்துக்கு 10 பால்ஸ், 3/16 அங்குலம். மண்ணெண்ணெயில் கழுவிக் கோனின் ஓடுபாதையை நகத்தால் வருடிப் பார்த்தேன். நகம் எங்கும் தடுக்கவில்லை. தடுக்கியிருந்தால் குழி விழுந்திருக்கிறது என்று பொருள், கோனையே மாற்ற வேண்டும்.

புதுக் கிரீஸில் பால்ஸை ஒவ்வொன்றாகப் பதித்து அச்சைப் போட்டேன். அதன் பிறகு வருவதுதான் பொறுமையைச் சோதிக்கும். கோனை விரலால் முட்டும்வரை திருகி, ஒரு நூல் பின்வாங்கி, லாக் நட்டை இறுக்கினால், மரையில் இருக்கும் மெல்லிய இடைவெளி போய்க் கோன் மறுபடி உள்ளே தள்ளப்படும். சரியாக வைத்தது இறுகியதும் டைட்டாகிவிடும். அதனால் கொஞ்சம் லூஸாக வைத்துத்தான் லாக் செய்ய வேண்டும். அச்சை இரு விரலில் பிடித்து உருட்டினால் தேனில் உருள்வது போலத் தெரிந்தால் போதும். கரகரப்பு இருந்தால் டைட், ஆட்டினால் 'கிளிக்' என்றால் லூஸ். கைப்பிடி மடக்கிச் சக்கரம் மாட்டும் வகை வண்டி என்றால் இன்னும் ஒரு துளி லூஸ் விட வேண்டும், மடக்கும் அழுத்தத்தில் அந்த ஆட்டம் போய்விடும். ஹெர்குலிஸ் பின்சக்கரத்தின் ஆட்டமும் இதே முறையில் தீர்ந்தது.

ஹெர்குலிஸ் கிராங்கை அச்சோடு பிணைக்கும் ஆப்பான காட்டர் பின்னில் நான் கை வைக்கவில்லை. நட்டைக் கழற்றுவது சுலபம். பின்னை வெளியே எடுக்க அடிக்கிற அடியில் அச்சோ பால்ஸோ அடிபடாமல் இருக்க, கிராங்குக்கு அடியில் சரியான முட்டுக் கொடுக்க வேண்டும். அதற்குக் கடைக்காரர்தான் சரி.

ஆலன் கீயில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 4, 5, 6 இந்த மூன்றும் நல்ல எஃகில் இருக்கட்டும். முனை உருண்ட மலிவான கீ போல்ட்டின் உள்ளறுகோணத்தை வட்டமாக்கிவிட்டால், வெளி நட்டு மாதிரி அரத்தால் ராவிச் சமாளிக்க முடியாது. உருண்டைத் தலை வைத்த முனை சாய்வாக நுழையும், வேகமாகச் சுழற்ற நல்லது. கடைசி இறுக்கலுக்கு மறுமுனையின் நேர் வெட்டுதான். டிஸ்க் பிரேக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஆறு இதழ் நட்சத்திர முனை டி25 ஒன்றும் வேண்டும். அதை ஆலன் கீயால் கழற்றப் பார்க்க வேண்டாம்.

எவ்வளவு இறுக்குவது என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்கவில்லை, கணக்குப் போட்டேன். பின்சக்கர நட்டுக்கு 30 முதல் 45 நியூட்டன் மீட்டர் (முறுக்கும் பலத்தின் அளவு) சொல்கிறார்கள். 18 செ.மீ. கைப்பிடியின் நுனியில் 20 கிலோ அளவு அழுத்தினால் ஏறக்குறைய 35. தராசில் கையை ஊன்றி 20 கிலோ எப்படி இருக்கும் என்று ஒரு தரம் பழகிக்கொண்டால் போதும். ஹேண்டில்பார் முகப்பு போல்ட்களில் 5 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருந்தால், 8 செ.மீ. ஆலன் கீயில் அது ஆறரைக் கிலோதான். முழுக்கையைப் போட வேலையே இல்லை. கார்பன் ஹேண்டில் வைத்திருப்பவர்கள் இந்தக் கைக்கணக்கை நம்பாமல் டார்க் ரெஞ்ச் வாங்கிவிடுங்கள்.

செலவு மொத்தமும் அந்தப் பெரிய செட்டின் விலைக்குக் கீழேதான் நின்றது, பெடல் ஸ்பேனரையும் சேர்த்து. வாங்காமல் விட்டது மூன்று. கிராங்கை உருவும் புல்லர், பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதியான ஃப்ரீவீலைக் கழற்றும் டூல். இவை அந்தந்த வேலை வரும்போது, அந்த மாடலின் பல்லைப் பார்த்து வாங்க வேண்டியவை. மூன்றாவது, ரிம்மின் பெண்டு (கோணல்) எடுக்க, ஆரக்கம்பி நுனியின் நட்டான நிப்பிளைத் திருகும் சாவி. பல அளவு வெட்டிய வட்டச் சாவி மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் அதில் பக்கத்து அளவை மாட்டி நிப்பிளை உருட்டிவிடுவது ரொம்ப சுலபம். 3.23, 3.30, 3.45 மி.மீ. என்று இடைவெளி அவ்வளவு நெருக்கம். நிப்பிளை அளந்து, கச்சிதமாக ஏறுவதில் சின்னதை ஒற்றைச் சாவியாக வாங்க வேண்டும். கியர் வண்டியின் பின் ரிம்மில் லேசான பெண்டு இருக்கிறது, பிரேக் கட்டையில் இன்னும் உரசவில்லை. உரச ஆரம்பித்ததும் வாங்கிக்கொள்ளலாம்.